கிடாய்க்குப் போன குளிசை

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் தன் தகப்பனுக்கு முன்னால் சொல்லக்கூடாத சொற்களைப் பட்டியல் போட்டால், என் ஐயாவுக்கு வந்த வருத்தத்தை, அந்த நோயைப் பற்றிக் கதைக்கத் தேவையான சொற்கள் அத்தனையும் அதற்குள் வந்துவிடும். உலகத்தில் எத்தனையோ வருத்தங்கள் இருக்க, இப்படி ஒன்றை அவர் தேடிப் பிடித்தார். அதுவும் மகளை மருத்துவ பீடத்துக்கு அனுப்பிவிட்டு.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அது. ஐந்து வருஷப் படிப்பை நான் எட்டாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் மக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டையால் பீடம் திறந்திருந்த நாட்களை விடப் பூட்டிக் கிடந்த நாட்கள் அதிகம். கிழமை நாட்களில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் சைக்கிள் மிதித்துப் புத்தூருக்கு வீட்டுக்குப் போவேன்.

ஐயா வெங்காயமும் புகையிலையும் தோட்டம் செய்தவர். ஆனால் அவருடைய பெருமை முழுவதும் கிடாயில்தான் இருந்தது. எங்கள் ஊர் வைரவருக்கு ஆனி மாதத்தில் கிடாய் வெட்டும் வேள்வி நடக்கும். அதற்கு நேர்ந்துவிடும் கிடாயை வருஷம் முழுக்கப் பிள்ளையை விடக் கவனமாக வளர்ப்பார்கள். அந்தப் பிள்ளை நான்தான் என்பதால் எனக்கு இது நன்றாகத் தெரியும். யாருடைய கிடாய் உயரம், யாருடையதின் கொம்பு நல்ல வளைவு என்று சந்தியில் மாதக்கணக்கில் அலசுவார்கள். வேள்விக் கிடாய்க்கு ஒரு சட்டம் உண்டு. அது நலமடிக்காததாக இருக்க வேண்டும். நலமடிப்பது என்றால் விதையை நசித்து ஆண்மையை எடுத்துவிடுவது. கறிக்கு வளர்ப்பதை நலமடிக்கலாம், வைரவருக்கு முழுக் கிடாய்தான் போக வேண்டும். முழுக் கிடாய் நிற்கிற வீட்டைப் படலைக்கு வெளியில் வைத்தே கண்டுபிடிக்கலாம். அப்படி ஒரு வெடில் அடிக்கும். எங்கள் எல்லாருக்கும் வயிற்றைக் குமட்டும் அந்த நாற்றம் ஐயாவுக்கு மட்டும் சந்தனம்.

அந்தத் தை மாதத்தில் ஐயாவுக்கு நாரிக்குள், இடுப்பின் பின்பக்கத்தில், நோவு தொடங்கியது. வெங்காயப் பிடி தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்றார். சலமும் சொட்டுச் சொட்டாகப் போனது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா கவனித்தார். கவனித்தவர் என்னிடம் சொல்லவில்லை, தன் தம்பியிடம் சொன்னார். மாமா சைக்கிளில் யாழ்ப்பாணத்துக்கு வந்து, என் அறை வாசலில் நின்று, வானத்தைப் பார்த்துக்கொண்டு, “கொப்பருக்குக் கீழ்ப்பக்கம் ஏதோ கோளாறாம்” என்றார். மருத்துவ பீடத்தில் படிக்கிற ஒருத்திக்கு ஒரு நோயாளியின் வரலாறு கிடைத்த விதம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் படிப்பித்த சத்திரசிகிச்சை நிபுணரிடமே ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டுக் கையுறை போட்ட விரலால் செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்தார். ஐயா வெளியில் வந்தபோது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. வாசல் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார். பிறகு கேட்டார்.

“உவர் உனக்குப் படிப்பிக்கிறவரோ?”

“ஓம், ஐயா.”

“இனி உவரிட்டைப் படியாதை.”

அடுத்த கிழமை எக்ஸ்ரேப் படம் வந்தது. முதுகெலும்பில் சுண்ணாம்பு தெறித்தது போல அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். புரஸ்டேற் சுரப்பியில் தொடங்கிய புற்று எலும்புக்கு ஏறியிருந்தது. நிபுணர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, மாணவிக்குச் சொல்வது போலவே சொன்னார். இந்தப் புற்றுக்குச் சாப்பாடு ஆண் ஓமோன், விதையில் ஊறுகிற சுரப்பு. சாப்பாட்டை நிறுத்தினால் அது சுருங்கும். நிறுத்துவதற்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு விதைகளையும் எடுத்துவிடுவது, அரை மணித்தியால வேலை. மற்றது, பெண் ஓமோன் குளிசையை, மாத்திரையை, நாள்தோறும் போடுவது. இரண்டும் செய்யாவிட்டால் முதுகெலும்பு நொறுங்கும். “முதல் கால் போகும். பிறகு ஆள் போவார்” என்றார். மகளிடம் சொல்கிறோமே என்ற எண்ணம் அவருக்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும். திடீரென்று என் பரீட்சை எப்போது என்று விசாரித்தார்.

இதை ஐயாவிடம் சொல்ல வேண்டியவள் நான். அம்மாவிடம் விட்டால் மாமாவிடம் போகும், மாமா வானத்தைப் பார்ப்பார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில், ஐயா கிடாய்க்குக் குழை கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மருத்துவச் சொற்கள் எதுவும் வாய்க்கு வரவில்லை. கிடாயின் பாஷைதான் கைகொடுத்தது.

“ஐயா, நலமடிக்கிறது உங்களுக்குத் தெரியுந்தானே?”

“எத்தினைக்கு அடிச்சிருப்பன். அதுக்கென்ன?”

“உங்கடை வருத்தத்துக்கும் அப்பிடி ஒண்டு செய்தால் சுகம் வருமாம்.”

குழையை அப்படியே போட்டுவிட்டு, நாரியில் கையை வைத்தபடி எழும்பி, மெல்ல மெல்ல வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உள்ளே இருந்து சத்தம் வந்தது.

“நான் ஆடே?”

ஆக, குளிசைதான் என்று முடிவாயிற்று. முடிவு செய்வது சுலபம், குளிசைக்கு எங்கே போவது? அரசாங்கத்தின் தடையால் சவர்க்காரமும் பற்றரியும் வராத ஊருக்குப் பெண் ஓமோன் வருமா? மாமா ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போக இருந்தார். அவரிடம் பெயரை எழுதிக் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்து, நேவிக்காரன் சுடுகிற கிளாலிக் கடலைப் படகில் கடந்து, ஒரு பெரிய போத்தலைப் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியில் சோதனை போட்ட ஆமிக்காரன் இது என்ன மருந்து என்று கேட்டானாம். “பெண்சாதிக்கு” என்றாராம் மாமா. அவருக்குக் கலியாணமே ஆகவில்லை. அந்தப் போத்தலுக்காக அவர் கடலில் உயிரைப் பணயம் வைத்தார் என்பதை அம்மா நாளுக்கு ஒருமுறை எங்களுக்கு ஞாபகப்படுத்தினார்.

அந்த நாட்களில் எனக்கு நிர்ப்பீடனப் பைத்தியம் பிடித்திருந்தது. நிர்ப்பீடனம் என்றால் உடம்பு தன்னைத் தானே காக்கிற வேலை. வெளியில் இருந்து வருகிற கிருமியை மட்டுமல்ல, உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போய்ப் புற்றாகிற உயிர்க் கலங்களையும் தேடிக் கொல்வதற்கு இரத்தத்தில் வேறு கலங்கள் இருக்கின்றன. இந்தக் காவல் பெண்ணில் ஆணை விட உசார் என்று படித்திருந்தேன். அதனாலேயே தன் உடம்பைத் தானே தாக்குகிற வருத்தங்கள் பெண்களுக்கு அதிகம், புற்றுகளில் பல ஆண்களுக்கு அதிகம். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமசு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. காவல் கலங்கள் தேறி வருகிற இடம் அது. பருவம் வந்து ஓமோன் ஊறத் தொடங்கியதும் அது சுருங்கத் தொடங்கும். விதை எடுத்த விலங்குகளில் சுருங்காமல் பெரிதாகவே நிற்கும் என்று பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு கோட்டையே கட்டினேன்.

ஐயாவிடம் படை, பயிற்சி, முகாம் என்று சொல்லி விளக்க எனக்கு மனம் வரவில்லை. வெளியில் அவை தேவைக்கு மேல் இருந்தன. தோட்டத்துக்குக் காவல்காரன் போட்டுவிட்டு அவனுக்கு நாள்தோறும் கள்ளு ஊற்றிக் கொடுப்பது போலத்தான் ஆண் ஓமோன் செய்கிறது என்றேன். கள்ளனுக்குச் சோறும் போடுகிறது, காவல்காரனுக்குக் கள்ளும் ஊற்றுகிறது. இதில் பாதி புத்தகம், மீதி நான் அளந்துவிட்டது.

ஐயா கவனமாகக் கேட்டார். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

“சரியாத்தான் இருக்கு. நலமடிச்ச கிடாயை உரிச்சால் நெஞ்சுக்குள்ளை வெள்ளையா ஒரு தசை, கையளவு நிக்கும். முழுக் கிடாயிலை அது இருந்த இடமே தெரியாது. நலமடிச்சதுக்குச் சளி, காய்ச்சலும் குறைவு.”

புத்தகத்தில் ஒற்றை வரியாகக் கிடந்ததை இந்த மனுசன் முப்பது வருஷமாகக் கையில் எடுத்து எறிந்துகொண்டிருந்திருக்கிறார்.

“அப்ப பாருங்கோவன், ஐயா! நான் சொன்னதுதானே!”

“ஆட்டுக்குச் சரி, பிள்ளை” என்றார். அதற்கு மேல் அந்தக் கதை ஓடவில்லை.

மாசி மாதம் முழுவதும் குளிசை ஒழுங்காக இறங்கியது. நாரி நோவு கொஞ்சம் குறைந்தது. ஆனால் மூன்றாம் கிழமை போல் ஐயாவின் நெஞ்சு இரண்டு பக்கமும் புடைத்து, தொட்டால் நோகத் தொடங்கிவிட்டது. சேட்டு, சட்டை என்ற ஒன்றைக் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் மட்டும் போடுகிற மனுசன், தோட்டத்துக்குச் சேட்டோடு போனார். கிணற்றடியிலும் சேட்டோடு நின்று குளித்தார். இது குளிசையின் குணம், பயப்பட ஒன்றுமில்லை என்று நான் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டார். அந்த வயதில் ஒரு புத்தகத்துக்கும் ஒரு தகப்பனுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சித்திரை பிறந்தபோது ஐயா மறுபடி வெறும் மேலோடு குளித்தார். நெஞ்சு வற்றியிருந்தது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். நோவு மட்டும் திரும்பி வந்தது, முன்னையதை விடக் கூடுதலாக. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படலைக்குள் சைக்கிளை உருட்டும்போதே கேட்பேன்.

“குளிசை போட்டனீங்களோ, ஐயா?”

“போத்தலைப் பார். குறைஞ்சுகொண்டுதானே போகுது.”

போத்தல் குறைந்துகொண்டுதான் போனது. எனக்குத் தலை வெடித்தது. இது ஓமோனுக்கு அடங்காத வகைப் புற்றோ? பெண் ஓமோனும் கூடினால் தைமசைச் சுருக்கும் என்று இன்னொரு புத்தகத்தில் கண்டேன். அப்படியானால் காவல்காரனுக்குக் கள்ளை நிறுத்திவிட்டுச் சாராயம் ஊற்றுகிறோமோ? பத்துப் பக்கம் எழுதி, நிபுணரைத் தாழ்வாரத்தில் மறித்து, மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“முதல் அவர் குளிசையைப் போடுறாரோ எண்டு பாரும்.”

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய அடுத்த விரிவுரைக்கு நான் போகவில்லை. என் ஐயா பொய் சொல்கிறவர் இல்லை. அது உண்மையும்தான். நான் கேட்ட கேள்விக்கு அவர் ஒருநாளும் ஓம் என்று சொன்னதில்லை.

வைகாசி முடிவில் இடது காலை இழுத்து நடக்கத் தொடங்கினார். கால்தான் முதலில் போகும் என்று நிபுணர் சொன்னது நினைவுக்கு வந்து, நான் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். வெங்காயம் உரித்தாயா என்று அம்மா கேட்டார். ஓம் என்றேன்.

அந்த வீட்டில் நன்றாக இருந்த ஒரே சீவன் கிடாய்தான். புண்ணாக்குக்கு அலைந்த காலத்திலும் அது ஊதிப் பெருத்திருந்தது. குணமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் படலையை இடித்து, போகிற வருகிற பெட்டை மறிகளைப் பார்த்துக் கத்தி, அம்மாவை இரண்டு தடவை முட்டி விழுத்திய சண்டியன், இப்போது அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. வெடிலும் இல்லை. வைரவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், அதுதான் இந்த அமைதி என்று அம்மா விளக்கம் சொன்னார். ஐயா அதன் முதுகைத் தடவுவார்.

வேள்வி நாள் வந்தது. கிடாயைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, செவ்வரத்தை மாலை போட்டு, மேளத்தோடு கொண்டுபோனோம். ஐயாவால் நடக்க முடியாததால் மாட்டு வண்டியில் ஏற்றினோம். நல்ல வேட்டி, சால்வையோடு இருந்தார். கிடாயைக் கண்ட சனம் வாயைப் பிளந்தது. அந்த வருஷத்தில் அதுதான் பெரிய கிடாய், அதில் சந்தேகமே இல்லை.

பக்கத்து வளவுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. அவரும் கிடாய் கொண்டுவந்திருந்தார். ஐயாவோடு முப்பது வருஷப் போட்டி. எங்கள் கிடாயைச் சுற்றி வந்தார், மோந்து பார்த்தார், பிறகு குனிந்து கீழே பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்குப் பிறகு எந்த மனிதரிலும் காணவில்லை.

“அண்ணை, உது மடி வைச்சிருக்கு.”

சனம் சிரித்தது. அவர் கையை விட்டு ஒரு முலையைப் பிதுக்கினார். ஒரு துளி பால் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கோயில்காரர் வந்து குனிந்து பார்த்தார். விதை இரண்டும் சுண்டிப்போய்க் கொட்டைப்பாக்கு அளவில் கிடந்தன.

“வைரவருக்கு மறி குடுக்கிறேல்லை” என்றார்.

“செய்வினையாக்கும்” என்று யாரோ சொன்னார்கள். “கலிகாலம்” என்றது இன்னொரு குரல். நான் கிடாயின் பக்கத்தில் குந்தியிருந்து அந்த மடியைப் பார்த்தேன். மாசியில் ஐயாவின் நெஞ்சில் நான் பார்த்த அதே புடைப்பு. நிமிர்ந்து வண்டியைப் பார்த்தேன். ஐயா வைரவரின் சூலத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் மருத்துவ வாழ்க்கையில் நான் யார் உதவியும் இல்லாமல் சரியாகக் கண்டுபிடித்த முதலாவது நோயாளி ஒரு கிடாய்.

கிடாயோடு வண்டியை வீட்டுக்குத் திருப்பினோம். ஐயாவைக் கட்டிலில் கிடத்தியதும் கேட்டேன்.

“எப்பிடிக் குடுத்தனீங்கள்?”

“வாழைப்பழத்துக்கை வைச்சு” என்றார் சுவரைப் பார்த்து. “எறிய மனம் வரேல்லை. கடல் தாண்டி வந்த மருந்தெல்லே. ஆடாவது தேறட்டும் எண்டு நினைச்சன்.”

மருந்தை எறிவது அந்த நாட்களில் எங்களுக்குச் சோற்றை எறிவதை விடப் பாவம். ஒரு பனடோலைப் பாதியாக உடைத்து இரண்டு வீட்டுக்காரர் பங்குபோட்ட காலம். அந்த நியாயம் எனக்கு விளங்கியது. விளங்கியதால் ஆத்திரம் இன்னும் கூடியது. மூன்று மாதம். மூன்று மாதமாக அந்தப் புற்று தடையில்லாமல் தின்றிருக்கிறது, நான் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் வெடித்தார்.

“என்ரை தம்பி சாகத் துணிஞ்சு கொண்டந்ததை ஆட்டுக்கோ குடுத்தனீங்கள்? உங்களுக்கு என்ன விசரோ?”

ஐயா வாயைத் திறந்தார். அவருடைய குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

“ஏலாதப்பா. மேலைப் பாக்க எனக்கே அருவருப்பா இருந்தது. நான் ஆம்பிளையாச் செத்துப் போறன், விடுங்கோ.”

நான் காவல்காரன், கள்ளு, தைமசு எல்லாவற்றையும் திரட்டி வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கட்டில் விளிம்பில் போய் இருந்தார். மகளுக்கு முன்னால் புருசனின் கட்டிலில் அம்மா இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

“இஞ்சை பாருங்கோ” என்றார். “எனக்கு ஆம்பிளை வேண்டாம். ஆள் இருந்தால் காணும்.”

நான் வெளியில் வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் ஐயா சேட்டும் போட்டு, சவரம் செய்து, கட்டிலில் தயாராக இருந்தார். “வா, போவம்” என்றார். எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

சத்திரசிகிச்சை அரை மணித்தியாலம்தான். நான் வெளியில் வாங்கில் இருந்து நகத்தைக் கடித்தேன். நான்காம் நாள் வாட்டுக்குப் போனபோது ஐயா தானாக எழும்பி இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாரி நோவு எங்கே என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். ஒரு மாதத்தில் இடது கால் ஒழுங்காக ஊன்றியது. ஊருக்குக் குடல் இறங்கிய கேர்ணியா ஒப்பிரேசன் என்று சொன்னோம். நான், அம்மா, மாமா மூன்று பேரும் ஒரே கதையைச் சொன்னோம். மாமா மட்டும் சொல்லும்போது வானத்தைப் பார்த்தார்.

ஓமோன் போன பிறகு ஐயாவுக்கு இருந்தாற்போல உடம்பு கொதிக்கும், வேர்த்துக் கொட்டும். அம்மாவுக்கும் மாதவிடாய் நின்றுகொண்டிருந்த வயது, அவருக்கும் அதே கொதி. விறாந்தையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு விசிறியோடு இருந்து வீசிக்கொள்வார்கள். “உமக்கும் வருதோ?” என்பார் ஐயா. “இப்பத்தான் அடங்கினது” என்பார் அம்மா. நான் பிறந்து இருபத்தெட்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு சோடியாக இருந்து நான் பார்த்ததில்லை. குளிசை நின்ற கிடாய்க்கு மட்டும் ஐப்பசியில் பழையபடி வெடில் அடிக்கத் தொடங்கியது. ஐயா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “அவனுக்குத் திரும்பி வந்திட்டுது” என்றார். அவருடைய குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஐயாவின் காவல் கலங்கள் உண்மையில் எழும்பினவா, தைமசு அந்த வயதில் எதையாவது செய்ததா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அளந்து பார்க்க எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. சாப்பாடு நின்றதால்தான் புற்று சுருங்கியது என்பதே போதுமான விளக்கம். ஆனால் ஆண் ஓமோன் புற்றைக் கொல்கிற கலங்களைச் சோரவைக்கிறது, அதை நிறுத்தினால் அவை கொஞ்சம் உசார் அடைகின்றன என்று இப்போது பெரிய ஆய்வுகூடங்களில் இருந்து எழுதுகிறார்கள். ஒவ்வொரு மனிதரிலும் அப்படி இல்லை, எல்லாப் புற்றிலும் இல்லை, பெண் ஓமோனின் பங்கு இன்னும் சிக்கல் என்றும் சேர்த்தே எழுதுகிறார்கள். வாசிக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். நான் கள்ளுக் கதையாக அளந்துவிட்டதில் ஒரு பங்கு உண்மையாகிவிட்டது. அதை நம்பிக் கேட்ட ஆள்தான் இப்போது இல்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கிவர, வலிகாமத்துச் சனம் முழுவதும் வெளியேறியது. எங்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. புத்தூரில் இருந்து கொடிகாமம் நோக்கி, மழைக்குள், சனத்தோடு சனமாக நடந்தோம். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி ஐயா உருட்டிக்கொண்டு வந்தார். நான் மறு சைக்கிளில் மூட்டைகளோடு பின்னால் நடந்தேன். அப்போது நான் டொக்டராகிச் சில மாதங்கள். ஐயாவுக்கு நோவு மெல்லத் திரும்பத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் நடந்தார். ஒருவரும் அவரைத் தூக்கவில்லை.

வழியில் ஒரு பாலத்தடியில் சனம் நெருங்கி நின்றுவிட்டது. பக்கத்தில் பார்த்தால் பக்கத்து வளவுக்காரர். தலையில் சாக்கு, தோளில் ஒரு குட்டியாடு. ஊரே நாசமாகிப் போகிற நேரத்திலும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“என்ன அண்ணை, நல்லா நடக்கிறியள். அப்ப கேர்ணியாதான் எண்டுறியள்? ஊரிலை வேறையெல்லோ கதைச்சவை.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்தார். எனக்கு அந்த ஆளைத் தண்ணீருக்குள் தள்ளலாமா என்று வந்தது. ஐயா சைக்கிளை நிறுத்தி, ஸ்ரான்டைப் போட முடியாததால் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, அவ்வளவு சனத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

“கேர்ணியாவும் இல்லை, மண்ணும் இல்லை. புற்று. ரண்டையும் எடுத்துப்போட்டினம். எடுத்தபடியால்தான் இண்டைக்கு இவவை வைச்சு உருட்டிக்கொண்டு வாறன். இல்லாட்டி உங்கைதான் கிடந்து செத்திருப்பன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சனம் மறுபடி அசைந்தது, நாங்களும் அசைந்தோம். கொஞ்சத் தூரம் போனதும் பக்கத்து வளவுக்காரர் பின்தங்கி என் பக்கத்தில் வந்து நடந்தார். குட்டியாட்டின் காதைத் தடவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், மழையில் கேட்கவும் கேட்காத குரலில் கதைத்தார்.

“பிள்ளை, எனக்கும் ஆறு மாசமாச் சலம் சரியாப் போகேல்லை. நாரியும் நோகுது. வீட்டிலை சொல்லேல்லை.”

அவருக்கு என் ஐயாவின் வயதுதான்.

“காட்டுங்கோ, பாப்பம்” என்றேன். எங்கே வந்து காட்டுவது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு யந்திரத்தின் பெட்டியில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் இரும்புக் கட்டில்கள் மழையில் நனைந்தபடி போய்க்கொண்டிருந்தன.